சிந்தாமல், சிதறாமல்

அரிசிப் படியைக் கையில் கொடுத்து, "சிந்தாமல் சிதறாமல் கொண்டு போ" என்று அனுப்பிய அம்மாக்கள் அகராதி பார்த்து அந்த இரண்டு வினைகளையும் அடுக்கியவர்கள் அல்லர். மோனைக்காக ஒரே பொருளை இருமுறை சொல்கிறார்கள் என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். பிறகு பார்த்தால் இரண்டும் வெவ்வேறு விபத்துகள். சிந்துவது கீழ்நோக்கியது, படி சாய்ந்தால் போதும், அடி எதுவும் பட வேண்டியதில்லை. சிதறுவதற்கோ ஒரு மோதலோ வீச்சோ வேண்டும், அதற்குத் திசைக் கட்டுப்பாடும் கிடையாது. கண்ணீரை நாம் சிந்துகிறோம். யாரும் கண்ணீர் சிதறுவதில்லை.

இந்த வேறுபாட்டைக் கண்ணாரக் காண வேண்டுமானால் பிள்ளையார் கோயில் வாசலில் நின்றால் போதும். சிதறு தேங்காய் என்பது வினைத்தொகை ஆதலால், கையில் இருக்கும்போதும் கல்லில் படும்போதும் சில்லுகளைச் சிறுவர் பொறுக்கும்போதும் அந்தப் பெயர் பொருந்தியே நிற்கிறது. அந்த ஒரு காயில் இரண்டு செயல்கள் நடப்பதைக் கவனியுங்கள்: முதலில் அது சிதைகிறது, பின்னர் சிதறுகிறது. உருவம் கெடுவது சிதைவு; ஓரிடத்தில் கூடியிருந்தது பல இடங்களுக்குப் போவது சிதறல்.

ஒலியிலும் பொருளிலும் உடன்பிறப்புகளாகத் தோன்றும் இவ்விரண்டோடு பழந்தமிழ்ச் சிதரையும் வைத்துப் பார்க்கலாம். மழைத்துளிக்குச் சிதர் என்று பெயர். கந்தல் துணிக்குச் சிதார். பொருநராற்றுப்படையில் வறிய பொருநன் உடுத்திருப்பது அத்தகைய சிதாஅர்தான். நீர் துளிதுளியாகவும் ஆடை இழையிழையாகவும் பிரிவதை ஒரே ஓசைக்குள் கண்டிருக்கிறார்கள். மரத்தைத் துகளாக்கும் கறையானுக்குச் சிதல், சிதலை என்ற பெயர்கள் உண்டு. அதையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட எனக்கு ஆசைதான், ஆனால் ஆசை வேறு, சான்று வேறு. பிணம் சுடும் விறகடுக்காகிய சிதையை மட்டும் ஐயமின்றி விலக்கிவிடலாம். அது வடமொழிச் சிதா வழி வந்தது. ஓசை ஒற்றுமையைத் தவிர நம் சிதைக்கும் அதற்கும் உறவில்லை.

அறிவியலைத் தமிழில் எழுதப் புகுந்தவர்கள் இந்த உடன்பிறப்புகளுக்குத் தனித்தனி வேலை கொடுத்தார்கள். கதிரியக்கத் தனிமத்தின் அணுக்கரு தானாக உருமாறுவது சிதைவு. அந்தச் சிதைவில் வெளிவரும் ஆல்ஃபா துகள் வேறோர் அணுக்கருவை நெருங்கித் திசை மாறுவது சிதறல். 1909இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின்மேல் ஆல்ஃபா துகள்களைச் செலுத்தியபோது பெரும்பாலானவை ஊடுருவிப் போக, மிகச் சில வந்த பக்கமே திரும்பின. சில்லுகள் தெறித்த விதத்தைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத கல்லின் உருவை அறிவதுபோல, அந்தத் திரும்பலிலிருந்து 1911இல் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவே சிறிய, செறிந்த கரு ஒன்று இருப்பதை உய்த்துணர்ந்தார். இங்கே எதுவும் உடையவில்லை. சிதையாமலே சிதறல் நிகழ்ந்த இந்த இடத்தில்தான் நம் சொல் தன் உடன்பிறப்பின் கையை விட்டது.

ஒளியில் அது இன்னும் மென்மையாகிறது. காற்று மூலக்கூறுகள் கதிரவன் ஒளியைச் சிதறடிக்கின்றன; அலைநீளம் குறையக் குறைய அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சிதறல் கூடுகிறது. 400 நானோமீட்டர் ஊதா, 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறும் என்பது ராலே தந்த கணக்கு. வானில் நீலம் நிறைவதற்கு அதுவே அடிப்படை. முப்பட்டகத்தில் வெள்ளொளி ஏழு நிறமாக விரிவதை இதோடு குழப்பாமல் நிறப்பிரிகை என்று தனியே பெயரிட்டவர்களை இங்கே நன்றியோடு நினைக்கிறேன். ஒழுங்காக அணிவகுத்து நிற்பது பிரிகை; எத்திசையும் போவது சிதறல்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டறிந்ததும் ஒரு சிதறலே. உடன் உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பைச் சேர்ந்தவர். சிதறும் ஒளியின் பெரும்பகுதி தன் நிறத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்று மட்டும் மூலக்கூறோடு ஆற்றலைக் கொடுத்தோ வாங்கியோ வேறு நிறம் பூண்டு வருகிறது. முன்னது மீட்சிச் சிதறல், பின்னது மீட்சியற்ற சிதறல். திசை மாற்றத்தை மட்டும் சொல்லிவந்த சொல் இங்கே கொடுக்கல் வாங்கலையும் சொல்லத் தொடங்கியது.

வானிலை ராடார் அனுப்பும் அலை மழைத்துளிகளில் பட்டு வந்த வழியே மீள்வதைப் பின்சிதறல் என்கிறோம். மழைத்துளிக்குப் பழைய பெயர் சிதர் என்று மேலே சொன்னேன் அல்லவா? சிதரில் பட்டுச் சிதறுகிறது அலை. யாரும் திட்டமிட்டு அமைத்த பொருத்தம் அன்று. எனக்கு ஒரு நாள் முழுதும் மகிழ்ந்திருக்க அது போதுமானதாக இருந்தது.

செடியியலார் விதை பரவுதல் என்று சொல்வதும் சரியே, ஏனெனில் காற்றும் பறவையும் விதையை மெல்லக் கொண்டுசெல்கின்றன. ஆனால் நீர் பட்டதும் படபடவென்று தெறிக்கும் பட்டாசுக்காய்க்குப் பரவுதல் போதாது. அங்கே வெடித்துச் சிதறுதல் என்றே கை எழுதும்.

புள்ளியியலில்தான் ஒரு வழக்கு இருக்கிறது. மூன்று ஆட்டங்களில் 48, 50, 52 ஓட்டங்கள் எடுத்தவருக்கும் 0, 50, 100 எடுத்தவருக்கும் சராசரி 50தான். (சராசரி பாரசீகத்திலிருந்து வந்து நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்ட சொல்.) இருவரையும் வேறுபடுத்துவது எண்கள் நடுவிலிருந்து எவ்வளவு விலகிக் கிடக்கின்றன என்பது. இங்கே மோதலும் இல்லை, தெறிப்பும் இல்லை. நிகழ்ந்து முடிந்த சிதறலின் கிடப்பு மட்டுமே உண்டு. தொழிற்பெயராக இருந்த சிதறல் இங்கே ஒரு நிலையின் பெயராகிறது. அதனால்தானோ என்னவோ, சிதறல் அளவைகள் என்று வழங்கியதைச் சிலர் பரவல் அளவைகள் என்று எழுதுகிறார்கள். மென்மையான சொல்தான். ஆனால் இயல்நிலைப் பரவல், நிகழ்தகவுப் பரவல் என்று மதிப்புகள் அமையும் முழுப் பாங்குக்கே அந்தச் சொல்லை முன்னரே கொடுத்துவிட்டோமே! பாங்குக்கும் அதன் அகலத்துக்கும் ஒரே பெயர் வைத்தால், 'பரவலின் பரவல்' என்று ஆசிரியர் சொல்ல, மாணவர் விழிக்க நேரும். 'பரவலின் சிதறல்' என்றால் குழப்பமில்லை. என் தீர்ப்பு சிதறலுக்கே.