கலப்பு இயங்குதள அலுவலக வலையமைப்பு (கடலூர், சிதம்பரம்)

விண்டோஸ், லினக்ஸ் முதலிய வெவ்வேறு இயங்குதளங்களில் ஓடும் கணினிகளை ஒரே அலுவலக வலையமைப்பில் சேர்த்து, கோப்புகளையும் பிரிண்டர்களையும் பொதுவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. கடலூர் மாவட்டத்தில் இதன் வரலாறு தமிழக அரசின் கணினிமயமாக்கலோடு சேர்ந்தே நடந்தது. மாவட்டத் தலைநகரான கடலூரின் அரசு அலுவலகங்கள், அங்கிருந்து சுமார் 45 கி.மீ. தெற்கே உள்ள சிதம்பரத்தின் வட்ட அலுவலகம், 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அதையொட்டிப் பெருகிய ஆய்வேடு தட்டச்சுக் கடைகள் ஆகியவை இதன் களங்கள்.

முற்காலம்

1976இல் தோன்றிய தேசியத் தகவலியல் மையம் (நிக்), 1980களின் பிற்பகுதியில் நிக்நெட் என்னும் செயற்கைக்கோள் வலையமைப்பால் மாவட்டத் தலைநகரங்களைத் தில்லியோடு இணைத்தது. கடலூர் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகர். அம்மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று பிரிக்கப்பட்டது. தில்லியோடு இணைப்பு இருந்தும், அலுவலகத்துக்குள் அறைக்கு அறை கோப்பு போனது பிளாப்பியில்தான்.

நெறிமுறைகள்

1980களின் முற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் பேரி ஃபைகன்பாம் வடிவமைத்த எஸ்எம்பி நெறிமுறையை மைக்ரோசாப்ட் எடுத்து வளர்த்து விண்டோஸில் சேர்த்தது. யூனிக்ஸ் உலகில் சன் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த என்எஃப்எஸ் பரவியது. ஒன்றன் பேச்சு மற்றதற்குப் புரியாது. 1991–92இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், ஆவணம் ஏதும் கையில் இல்லாமல், கேபிளில் ஓடும் தரவுகளை ஒட்டுக்கேட்டே யூனிக்ஸ் பக்கத்துக்கு ஒரு சர்வர் நிரலை எழுதினார். சாம்பா எனப் பெயர்பெற்ற அந்தக் கட்டற்ற மென்பொருள்தான் பின்னாளில் உலகெங்கும் கலப்பு வலையமைப்பின் நடுவே நின்றது.

எல்காட் காலம் (2006–2011)

இக்காலம் பற்றியே விரிவான செய்திகள் கிடைக்கின்றன. 1999–2001இல் திருவாரூர் ஆட்சியராக இருந்து வட்ட அலுவலகங்களைக் கணினிமயமாக்கியதற்காக அறியப்பட்ட சி. உமாசங்கர், 2006இல் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் (எல்காட்) நிர்வாக இயக்குநரானார். எல்காட்டின் சொந்த அலுவலகக் கணினிகளே முதலில் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றப்பட்டன. அடுத்துப் பள்ளிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் வாங்கிய கணினிகள் லினக்ஸோடு வந்தன. உரிமக் கட்டணம் மிச்சம், வைரஸ் தொல்லை குறைவு என்பன அன்று சொல்லப்பட்ட காரணங்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளை யாரும் தூக்கி எறியவில்லை. இரண்டும் ஒரே அறையில், ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டன. கலப்பு வலையமைப்பு திட்டமிட்டு வந்ததைவிடத் தானாக அமைந்தது என்பதே பொருந்தும்.

சிறிய அலுவலகங்களுக்கு வேறொரு காரணமும் இருந்தது. எக்ஸ்பி புரொஃபெஷனல் பதிப்பு ஒரே நேரத்தில் 10 இணைப்புகளையே ஏற்கும். ஹோம் பதிப்பு 5. புரொஃபெஷனலில் பதினோராவது ஆள் கோப்பைத் திறக்கப்போனால் இனி இணைப்புக்கு இடமில்லை என்று பதில் வரும். விண்டோஸ் சர்வர் வாங்கினால் அதற்கொரு விலை, இணையும் ஒவ்வொரு கணினிக்கும் தனி உரிமம். ஓரமாகக் கிடந்த பழைய கணினி ஒன்றில் லினக்ஸும் சாம்பாவும் நிறுவினால் இந்த வரம்பும் இல்லை, செலவும் இல்லை. பாஸ்வேர்டை மட்டும் சாம்பாவுக்கென்று தனியாக ஒருமுறை பதிந்துவைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, கேபிளில் கோளாறு என்று முனைகளைத் திரும்பத் திரும்பக் கிரிம்ப் செய்தவர்கள் உண்டு.

இவ்வமைப்பின் சுவையான பகுதி 'தேர்தல்'. வலையமைப்பில் எந்தெந்தக் கணினிகள் உள்ளன என்ற பட்டியலை வைத்திருக்கும் பொறுப்பை ஒரு கணினி ஏற்கும். அது யார் என்பதைக் கணினிகளே வாக்கெடுத்து முடிவுசெய்யும். எக்ஸ்பி போன்ற பணிநிலையங்களின் தகுதி எண் 16, என்டி சர்வருக்கு 32, சாம்பாவுக்கு இயல்பாக 20. எண் சமமானால் நெடுநேரம் அணையாமல் ஓடும் கணினிக்கே வெற்றி. தமிழகத்தை மின்வெட்டு வாட்டிய 2008–2012 ஆண்டுகளில் இது வேடிக்கையான விளைவைத் தந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் மறுதேர்தல். முடிவு வரும்வரை பக்கத்து மேசைக் கணினிகூடப் பட்டியலில் தெரியாது. சாம்பா கணினியை யுபிஎஸ்ஸில் போட்டு, அமைப்புக் கோப்பில் எண்ணை 65 என மாற்றிவிட்டால் அது நிரந்தரத் தலைமை. அனுபவமுள்ள பணியாளர்கள் முதலில் செய்த திருத்தம் இதுதான்.

பிரிண்டர்கள் எளிதில் வசப்படவில்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் எந்த இயங்குதளத்தோடும் ஒத்துப்போயின. ஆனால் இந்திய அலுவலகங்களில் எங்கும் காணப்பட்ட கேனான் எல்பிபி 2900க்கு லினக்ஸில் டிரைவர் அமைப்பது பெரும்பாடு. அதை ஒரு விண்டோஸ் கணினியில் மாட்டி மற்றவற்றுக்குப் பகிர்ந்தாலும், அனுப்பும் லினக்ஸ் கணினியில் அதே டிரைவர் தேவைப்பட்டது.

எழுத்துருச் சிக்கல்

கணினிகள் பேசிக்கொண்ட பிறகும் தமிழ் பேசவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் தரப்படுத்தப்பட்டன. எனினும் அலுவலகங்களில் வானவில் போன்ற, நிறுவனங்களின் சொந்த எழுத்துருக்களே புழங்கின. வானவில்லில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத லினக்ஸ் கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த கந்தல்தான் திரையில் விரியும். எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டால் தமிழ் தெரியும். ஆனால் வரிகள் இடம்மாறி, ஒருபக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு இரண்டு வரி வழியும். கையெழுத்துப் போடும் இடம் அடுத்த தாளுக்குப் போய்விட்ட கடிதத்தை எந்த அதிகாரியிடம் நீட்டுவது? கோப்பின் பெயரைத் தமிழில் வைப்பது 2003இல் வந்த சாம்பா 3.0 யூனிகோடை ஏற்ற பிறகே நம்பத்தக்கதாயிற்று. லினக்ஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கும், விண்டோஸ் பார்க்காது என்ற பழைய தகராறு தமிழ்ப் பெயர்களில் மட்டும் எழவே இல்லை.

2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் அது இயலாத இடங்களில் டேஸ்16 குறியாக்கத்தையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. அலுவலகங்களைச் சேர்த்துவைத்ததில் சாம்பாவுக்கு உள்ள பங்கைவிட இந்த ஆணையின் பங்கு பெரிது எனலாம்.

பின்னடைவும் பிற்காலமும்

அரசு அலுவலகங்களில் லினக்ஸ் ஏன் பின்வாங்கியது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 2008இல் உமாசங்கர் எல்காட்டை விட்டுச் சென்றதைச் சிலர் காரணமாக்குவர். துறைசார் மென்பொருள்கள் பல விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டதைச் சிலர் சுட்டுவர். பிரிண்டரும் எழுத்துருவுமே தோற்கடித்தன என்போரும் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன.  எனினும் அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவான விஜிலக் கட்டற்ற மென்பொருளைப் பரப்பிவருகிறது.

2017 மே மாதம் உலகைத் தாக்கிய வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல், எஸ்எம்பி நெறிமுறையின் முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியே பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் அந்த முதற்பதிப்பு இயல்பாகவே நீக்கப்பட, அதை நம்பியிருந்த எக்ஸ்பி கணினிகளும் பழைய ஸ்கேனர்களும் வலையமைப்பிலிருந்து விடுபட்டன.

இன்று சான்றிதழ், பட்டா, மின்அலுவலகக் கோப்பு ஆகியவை பிரவுசர் வழியே நடப்பதால் இயங்குதள வேறுபாடு பெரிதும் பொருட்டாவதில்லை.