ஆறணாச் சலுகை

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. டிவியில் பட்ஜெட் உரை. ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றதும் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். நான் எக்செல்லைத் திறந்து எனக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு வேலைக்கு வரும் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: "எங்களுக்கு ஏதாச்சும் கொறச்சிருக்காங்களா தம்பி?"

"நீங்கதான் வரியே கட்டலையேக்கா."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சலவைத்தூளுக்கு அவருக்கும் எனக்கும் ஒரே 18 விழுக்காடுதான். அந்த உரையிலேயே கணக்கு இருந்தது: சலுகைகளால் அரசு இழப்பது நேரடி வரியில் சுமார் 1 லட்சம் கோடி, மறைமுக வரியில் சுமார் 2,600 கோடி.

அக்காவின் கேள்வியோடு பின்னோக்கிப் போய் 1903இல் நின்றேன்.

அப்போது ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 1886ஆம் ஆண்டின் சட்டப்படி வருமானம் ஆண்டுக்கு 500 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு 2,000 வரை ரூபாய்க்கு 4 பை, அதற்கு மேல் போனால் 5 பை. விவசாய வருமானத்துக்குக் கிடையவே கிடையாது. இன்னொரு பக்கம் உப்பு. 1888 முதல் மணங்குக்கு இரண்டரை ரூபாய் வரி. இந்த மணங்கு நம்ம ஊர் சென்னை மணங்கு இல்லை, 37 கிலோ சொச்சம் கொண்ட பெரிய மணங்கு.

பழக்கதோஷம், இதையும் எக்செல்லில் போட்டேன். நான்கு குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து பேர். ஆளுக்கு ஆண்டுக்கு 6 கிலோ உப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் எந்த வீடாக இருந்தாலும் உப்பு வரி சுமார் 2 ரூபாய். வருமானங்களும் என் அனுமானம்தான்.

ஆண்டுக்கு 60 ரூபாய் கூலி வாங்கும் குடும்பம்: வருமான வரி இல்லை, உப்பு வரி மட்டும். வருமானத்தில் 3.3 விழுக்காடு.

600 ரூபாய் குமாஸ்தா: வருமான வரி பன்னிரண்டரை ரூபாய். உப்பையும் சேர்த்தால் 2.4 விழுக்காடு.

6,000 ரூபாய் அதிகாரி: எல்லாம் சேர்த்து 2.6 விழுக்காடு.

பேஷ்குஷ் கட்டியது போக 60,000 ரூபாய் கையில் நிற்கும் ஜமீன்தார்: கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஃபார்முலாவில் பிழையோ என்று இரண்டு முறை பார்த்தேன். இல்லை. பட்டியலில் அதிக விகிதம் கட்டுவது 'வரியே கட்டாத' கூலிக் குடும்பம்தான்.

உப்பு வரியை அரசு விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் வியப்பில்லை. வருமான வரிக்கு ஒவ்வொரு ஆளையும் தேடிப்பிடித்துக் கணக்குக் கேட்க வேண்டும். உப்புக்கு அளத்தில் ஆள் போட்டால் போதும். கடையில் காசு கொடுப்பவருக்கு அதில் வரி எவ்வளவு என்றே தெரியாது.

1902இல் சட்டமன்றத்தில் தன் முதல் பட்ஜெட் உரையில் கோபாலகிருஷ்ண கோகலே உப்பு வரியைக் குறைக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு கர்சன் அரசு இரண்டு சலுகைகளைச் சேர்த்தே கொடுத்தது. உப்பு வரி இரண்டரையிலிருந்து 2 ரூபாய். வருமான வரி விலக்கு 500லிருந்து 1,000 ரூபாய்.

எக்செல்லில் எண்களை மாற்றினேன். குமாஸ்தாவுக்கு மிச்சம் 12 ரூபாய் 14 அணா. கூலிக் குடும்பத்துக்கு ஆறணா. அதன் பிறகும் அவர்கள் கட்டுவது 2.7 விழுக்காடு, அதிகாரியைவிட ஒரு இழை கூடத்தான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று அரசுக்குப் பெரிய இழப்பு உப்பில்தான், ஏனென்றால் ஆறணா போய்ச் சேர்ந்தது கோடிக்கணக்கான வீடுகளுக்கு. காலனி அரசின் அந்த பட்ஜெட்டில் அக்காவின் கேள்விக்கு 'ஆறணா' என்றாவது பதில் இருந்தது.

பிறகு உப்பு வரி 1905இல் ஒன்றரை, 1907இல் 1 ரூபாய் என்று இறங்கியது. போர்க்காலத்தில், 1916இல், ஒன்றேகால். 1923இல் பற்றாக்குறையை அடைக்க நிதி உறுப்பினர் பேசில் பிளாக்கெட் ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார். சட்டசபை நிராகரித்தது. வைஸ்ராய் ரீடிங் தன் தனி அதிகாரத்தால் அதை நிறைவேற்றினார். அடுத்த ஆண்டே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

1930இல் காந்தி தண்டிக்கும் ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்ததைப் பாடப்புத்தகத்தில் படித்தபோது, போயும் போயும் உப்புக்கா என்று தோன்றியிருக்கிறது. இந்த நாலு வரிசை எக்செல்லைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. நிலமில்லாதவரும் கட்டிக்கொண்டிருந்த வரி அது. 1947இல் இடைக்கால அரசு அதை ஒழித்தது. இன்று உப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது. விவசாய வருமானத்துக்கு இன்றும் வருமான வரி கிடையாது.

2025 செப்டம்பரில் குளியல் சோப்பு 18லிருந்து 5 விழுக்காட்டுக்கு வந்தது. அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"சோப்புக்குக் கொறச்சிருக்காங்கக்கா."

"தொவைக்கிற பவுடருக்கு?"

"அதுக்கு இல்ல."

"அதத்தானே தம்பி நான் நெறைய வாங்குறேன்" என்றார்.