குதிரையின் வயிறும் பாண்டியர் கஜானாவும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது, பம்பு, பைப், வால்வு தவிர நமக்கு என்ன தெரியும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த மூன்றையும் வைத்தே நம் கடற்கரைச் சரித்திரத்தில் ஒரு முடிச்சை அவிழ்க்கலாம் போலிருந்தது. அந்த முடிச்சு, குதிரை! சிரிக்காதீர்கள். எழுநூறு வருஷத்துக்கு முன்பு தமிழ்நாட்டுப் பொன் மூட்டை மூட்டையாகக் கப்பலேறியதற்குக் குதிரையின் வயிற்றுக்கோளாறும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

நம் காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியைத் தாண்டிப் போனால் பூம்புகார். அங்கே கடல்வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. புரவி, பரி, இவுளி என்று நம்மிடம் குதிரைக்குப் பெயர்கள் நிறைய உண்டு. ஆனால் நல்ல போர்க்குதிரை மட்டும் எப்போதும் வெளியிலிருந்துதான் வந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் 'குதிரைச் செட்டிகள்' வருகிறார்கள். பாண்டியர் காலத்தில் இந்த வியாபாரம் உச்சத்துக்குப் போனது. அப்போது முக்கியத் துறைமுகம் தாமிரபரணி முகத்துவாரத்திலிருந்த காயல்.

1290களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ ஒரு கணக்கு சொல்கிறார். மன்னன் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறான். அவன் சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை! வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் இன்னும் பெரிய கணக்கு தருகிறார். ஆண்டுக்கு 10,000 குதிரை, தலைக்கு 220 தினார், ஆக மொத்தம் 22 லட்சம் தினார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன்தான் விலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தமாம். இந்த எண்களில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்களே: வாங்கிய குதிரை இங்கே நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை? 'நம்ம வெயில் ஒத்துக்கலை' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் குதிரைகள் வந்த அரேபியாவும் ஹோர்முஸும் என்ன ஊட்டியா, கொடைக்கானலா? பதில் அந்த இரண்டு பேரும் எழுதிவைத்த தீனிப் பட்டியலில் இருக்கிறது. குதிரைக்கு இங்கே சோற்றோடு வேகவைத்த இறைச்சி கொடுத்தார்கள் என்கிறார் போலோ. வறுத்த பார்லியும் வெண்ணெய் கலந்த தானியமும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலும் குடிக்க வைத்தார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். கொழுக்க வேண்டும் என்று 40 நாள் லாயத்தில் கயிற்றால் கட்டிப்போட்டு, பிறகு பயிற்சியே இல்லாமல் ஏறி விரட்டினார்களாம். கொஞ்ச நாளில் அந்த அருமையான குதிரைகள் மெலிந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமல் போயின என்று அவர் வருத்தப்படுகிறார்.

இதில் கொடுமை எதுவும் இல்லை, கவனியுங்கள். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குச் செய்கிற உபசாரம்தான் நடந்திருக்கிறது. நெய், பால், கறிசோறு, ஓய்வு! ஆனால் குதிரையின் வயிறு மாப்பிள்ளை வயிறு இல்லையே.

இங்கேதான் என் பம்பும் பைப்பும் வருகின்றன. சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு இரைப்பை வெறும் 8 முதல் 15 லிட்டர்தான். சின்ன டேங்க். அதன் வாயிலில் இருப்பதோ பலமான ஒருவழி வால்வு. உள்ளே போனது திரும்பி வராது. அதனால் குதிரைக்கு வாந்தியெடுக்க முடியாது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்று அமைந்த ஏற்பாடு அது. அதைத் தாண்டினால் சிறுகுடல். அப்புறம் சுமார் 30 லிட்டர் பிடிக்கிற குருட்டுக்குடலும் அதைவிடப் பெரிய பெருங்குடலும். இவற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்கவைத்துக் குதிரைக்குச் சக்தி தருகின்றன. பெருங்குடலில் ஓரிடத்தில் குழாய் திடீரென்று வளைந்து குறுகுகிறது. பெரிய பைப்பிலிருந்து சின்ன பைப்புக்கு மாறும் இடத்தில் எங்கே அடைப்பு வரும் என்று நம் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!

இப்போது அந்தத் தீனிப் பட்டியலை மறுபடி பாருங்கள். வளர்ந்த குதிரைக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி ஏறக்குறைய இல்லாமல் போய்விடுகிறது. பால் கொடுத்தால் கழிச்சல் வரும். தானியத்தை வறுப்பது தவறில்லை, வறுத்தால் மாவுச்சத்து சுலபமாகவே செரிக்கும். அளவு மீறினால்தான் ஆபத்து. மிச்ச மாவு பின்குடலுக்குப் போய் அமிலமாகிறது, நல்ல நுண்ணுயிர்கள் சாகின்றன, அதன் நஞ்சு குளம்பு வரை போய்க் குதிரையை நொண்டியாக்குகிறது. போதிய நடை இல்லாமல் கட்டியே போட்டால் குடல் அசைவும் மந்தமாகும். தண்ணீர் குறைந்தால் அடைப்பு. நாள்பட்ட கழிச்சல், உப்புசம், சூலை, மெலிவு என்று வஸ்ஸாஃப் பார்த்த கதை இதற்கெல்லாம் நன்றாகவே பொருந்துகிறது. குதிரை இறப்புக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற இரத்த நோயும் இந்தியாவில் உண்டு. அதன் கிருமியை கிரிஃபித் எவான்ஸ் 1880இல்தான் கண்டுபிடித்தார்.

அப்படியானால் நம்மவர்களுக்குக் குதிரை வைத்தியமே தெரியாதா? அப்படிச் சொன்னால் அநியாயம். சாலிகோத்திரர் பெயரால் பழைய குதிரை வைத்திய மரபு ஒன்று இந்தியாவில் உண்டு; வட இந்தியாவில் குதிரை வைத்தியருக்கே 'சலோத்ரி' என்று பெயர் வந்தது. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரத்தை, வண்ணப் படங்களோடு, தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வைத்திருக்கிறது. காரைக்காலிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் தஞ்சாவூர். ஆக ஏடு இருந்தது. அந்த ஏட்டுக்கும் காயல் லாயத்தில் வாளி தூக்கியவனுக்கும் நடுவில்தான் ஏதோ அறுந்துபோயிருக்க வேண்டும்.

போலோ சொல்வதிலேயே முக்கியமான வரி இனிமேல்தான். குதிரை வியாபாரிகள் தங்களோடு குதிரை வைத்தியர்களை அழைத்து வருவதில்லை. வேறு யாரும் வருவதையும் தடுக்கிறார்கள். குதிரைகள் பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் விற்பனை ஏது? இது உண்மையா, துறைமுகத்து வம்பா என்று இன்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. மெஷினை விற்பார்கள், சர்வீஸ் மேனுவல் கேட்டால் 'எங்க ஆள் வந்து பார்ப்பார்' என்பார்கள். பாண்டியனிடம் பொன் இருந்தது, கப்பல் துறை இருந்தது. பொன்னை வாரிக் கொடுத்தபோது, 'இதுக்கு என்ன தீனி, எவ்வளவு, யார் கத்துக்கொடுப்பா?' என்று கேட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த 22 லட்சத்தில் பாதியாவது மிஞ்சியிருக்காதா?

குதிரை வளர்க்கும் நண்பர் யாராவது நம் சங்கத்தில் இருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. வயிற்றுக்கோளாறு தீராமல் இழுத்துக்கொண்டே போனால் மருந்துக்கு முன்னால் தீனியைப் பாருங்கள். புல்லும் வைக்கோலும்தான் முதல். கொள்ளும் தானியமும் அப்புறம், அதுவும் பிரித்துப் பிரித்து. எந்தத் தீனியையும் ஏழு முதல் பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கள். பல்லையும் குடற்புழுவையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் கடலோர மணலில் தீனி போட்டால் மணலும் உள்ளே போகும். லத்தியைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடி பாட்டிலில் வைத்தால் மணல் அடியில் தங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். குதிரை புரண்டு உருண்டால், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்பார்கள். விற்பவனும் அப்படித்தான், விலை பேசும்போது வாயைத் திறப்பான், பராமரிப்பைக் கேட்டால் மூடிக்கொள்வான். இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் நாளைக்கு எங்கோ ஒரு கொள்முதல் மேஜையில் உட்காரத்தான் போகிறார்கள். அன்றைக்கு அவன் வாயைத் திறக்க வைக்கும் வேலை அவர்களுடையது.