கொச்சி விமான நிலையம்: வளர்ச்சித் திட்டமிடலின் வரலாறு

கொச்சி பன்னாட்டு விமான நிலையம் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், ஆலுவாவுக்கும் அங்கமாலிக்கும் இடையே நெடும்பாசேரியில் உள்ளது. அரசும் வெளிநாடுவாழ் இந்தியர்களும் பிறரும் சேர்ந்து பங்கு முதல் போட்டு இந்தியாவில் கட்டிய முதல் விமான நிலையம் இதுவே. 1999இல் மத்திய கேரளத்தின் தேவைக்காகத் திறக்கப்பட்ட இந்நிலையம், இருபது ஆண்டுகளுக்குள் ஆண்டுக்கு ஒரு கோடிப் பயணிகள் என்ற அளவை எட்டியது. தொடக்கத்திலேயே தாராளமாக நிலம் எடுத்து வைத்ததுதான் இந்த வளர்ச்சிக்கு அடிப்படை. நிலத்தைப் போலவே அதன் குறுக்கே ஓடிய தண்ணீரையும் கணக்கில் எடுத்திருந்தால், பின்னாளில் நேர்ந்த இழப்பு குறைந்திருக்கும்.

நெடும்பாசேரிக்கு முன்பு கொச்சியின் பயணிகள் விமானங்கள் வில்லிங்டன் தீவிலுள்ள கடற்படைத் தளத்திலிருந்து பறந்தன. கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்துகையில் காயலிலிருந்து தூர்வாரிய மண்ணைக் கொட்டி, பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் எழுந்த தீவு அது. சுற்றிலும் நீர் என்பதால் ஓடுபாதையை நீட்ட வழியில்லை. கட்டுப்பாடும் கடற்படையின் கையில் இருந்தது. 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன மத்திய கேரளத்தார் பம்பாய்க்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்று விமானம் ஏற வேண்டியிருந்தது. ஊருக்கு வரும் ஒரு மாத விடுப்பில் சில நாட்கள் இந்த அலைச்சலிலேயே கழிந்தன. 1991 வாக்கில் தளத்தை விரிவாக்கும் யோசனை எழுந்தபோது, பாதுகாப்புக் காரணங்களால் அது நடக்காது என்பது தெளிவாயிற்று. புதிய இடம் தேடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

புதிய நிலையத்துக்குச் சுமார் 200 கோடி ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். மத்திய அரசிடமிருந்து அத்தனை பணம் வர வாய்ப்பில்லை. அப்போது எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியராக இருந்த வி.ஜே. குரியன், வெளிநாட்டு மலையாளிகளிடமிருந்து ஆளுக்குச் சிறு தொகையாக வட்டியில்லாக் கடன் திரட்டலாம் என்றார்; முதலமைச்சர் கே. கருணாகரன் அதற்குத் துணை நின்றார். எதிர்பார்த்த பணம் வரவில்லை. கண்ணால் காணாத விமான நிலையத்துக்கு வட்டியில்லாமல் பணம் கொடுக்கப் பலரும் தயங்கினார்கள். இந்தத் தோல்விக்குப் பிறகே 1994 மார்ச் 30 அன்று கொச்சி இன்டர்நேஷனல் ஏர்போர்ட் லிமிடெட், சுருக்கமாக சியால், பொது நிறுவனமாகப் பதிவாயிற்று. கடன் கொடுக்கத் தயங்கியவர்கள் பங்கு வாங்க முன்வந்தார்கள். மாநில அரசு மிகப் பெரிய பங்குதாரர் ஆனது. வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் பங்கெடுத்தன. மத்திய அரசின் வீட்டுவசதி நிதி நிறுவனமான ஹட்கோ கடன் கொடுத்தது.

நிலம் எடுத்ததுதான் திட்டத்தின் கடினமான கட்டம். நெல்வயலும் தென்னந்தோப்பும் வீடுகளுமாக இருந்த ஏறத்தாழ 1,300 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. 822 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. போராட்டங்களும் நீதிமன்ற வழக்குகளும் தொடர்ந்தன. வீட்டுமனையோடு விமான நிலையத்தில் வேலை, வாடகைக் கார் ஓட்ட அனுமதி எனப் பிழைப்புக்கான வழியும் மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. நிலத்தைப் பறிகொடுத்தவர் அந்த நிலத்தில் நடக்கும் தொழிலில் பங்கு பெற வேண்டும் என்ற இந்தக் கொள்கை, அக்காலத்தின் மற்ற கையகப்படுத்தல்களோடு ஒப்பிட நியாயமானது. ஆனால் தலைமுறை தலைமுறையாக உழுத வயலுக்கு அது முழு ஈடாகாது.

அன்றைய தேவைக்கு 1,300 ஏக்கர் மிக அதிகம். ஓடுபாதை, ஒரு முனையம், சில விமானங்கள் நிற்கும் தளம் ஆகியவற்றுக்கு அதில் ஒரு பகுதியே போதுமானது. மீதியை வெற்றிடமாக விட்டதில்தான் திட்டமிட்டவர்களின் தொலைநோக்கு தெரிகிறது. விமான நிலையம் வந்துவிட்டால் சுற்றுப்புற நில விலை பல மடங்கு ஏறும்; வீடுகள் நெருங்கும்; அப்புறம் நூறு ஏக்கர் சேர்ப்பதும் பெரும்பாடு. பக்கத்துக் கோவையில் பீளமேடு நிலைய விரிவாக்கத்துக்கு அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் பணி பத்தாண்டுகளையும் தாண்டி இழுத்ததை நினைத்தால், நெடும்பாசேரி முடிவின் மதிப்பு விளங்கும். கோவை, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பலர் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சிக்கே வந்து விமானம் ஏறும் வழக்கம் ஏற்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

1999 மே 25 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூன் 10 முதல் விமானங்கள் இயங்கின. 300 கோடி ரூபாயை ஒட்டிய செலவில் முடிந்த அந்த முதல் கட்டத்திலேயே ஓடுபாதை 3,400 மீட்டர் நீளத்தில் போடப்பட்டது. பேருருவ விமானங்கள் முழுச் சுமையோடு மேலெழ இந்த நீளம் தேவை. முனையத்தைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம், ஓடுபாதையை அப்படிச் செய்வது அரிது என்ற தெளிவு இதில் உண்டு. கட்டடங்களுக்குக் கேரள பாணியில் சரிந்த ஓட்டுக் கூரை அமைந்தது.

அந்த நீளத்தின் பயன் 2015இல் நேரடியாகத் தெரிந்தது. கோழிக்கோட்டின் கரிப்பூர் நிலையம் குன்றின் தலையைச் சமன்படுத்தி அமைக்கப்பட்டது. ஓடுபாதையின் இரு முனைகளிலும் பள்ளம். அங்கே ஓடுபாதைச் சீரமைப்பு தொடங்கியபோது பெரிய விமானங்கள் நிறுத்தப்பட்டன. மலபாரின் ஹஜ் பயணிகள் அந்த ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் நெடும்பாசேரியிலிருந்து புறப்பட்டார்கள். விமானப் பழுதுபார்ப்புக் கொட்டகை அவர்களுக்குத் தங்குமுகாம் ஆனது. ஒன்றுக்கென அமைத்த இடம் மற்றதற்கும் உதவும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

பயணிகள் பெருகியதும் 15 லட்சம் சதுர அடியில் மூன்றாம் முனையம் கட்டப்பட்டு 2017 மார்ச்சில் திறக்கப்பட்டது. பன்னாட்டுப் பயணம் முழுவதும் அங்கே மாறியது. காலியான பழைய முனையத்தை இடிக்காமல் புதுப்பித்து, 2018 டிசம்பரில் உள்நாட்டுப் பயணத்துக்கு ஒதுக்கினார்கள். அதுவரை உள்நாட்டு விமானங்களுக்கு இருந்த கட்டடம் பின்னர் தனி விமானங்களில் வருவோருக்கான முனையமாக 2022இல் உருமாறியது. ஒன்றைக் கட்டி மூன்றையும் புதிதாக்கிய இந்த வரிசை, சிக்கனமான திட்டமிடலுக்கு எடுத்துக்காட்டு. 2017-18இல் பயணிகள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது.

நிலையம் வளர வளர மின்கட்டணமும் ஏறியது. 2013இல் வருகைக் கட்டடத்தின் கூரையில் 100 கிலோவாட் சூரியத் தகடுகளைப் பொருத்திச் சோதித்தார்கள். அது பலன் தரவே, சரக்கு வளாகத்தின் அருகே 45 ஏக்கரில் 12 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்து 2015 ஆகஸ்ட் 18 அன்று இயங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து முழுவதும் சூரிய ஆற்றலில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று இது அறியப்படுகிறது. பகலில் மிஞ்சும் மின்சாரம் மாநில மின்வாரியத்தின் கட்டமைப்புக்குப் போகும். இரவில் அதே அளவு திரும்ப வரும். இதனால் மின்கலன்களுக்குச் செலவில்லை. தகடுகளைக் கழுவும் தண்ணீர் கீழே வடிந்து புல் மண்டியபோது, அதைக் களைய ஆள் வைப்பதற்குப் பதிலாக அங்கே காய்கறி பயிரிட்டார்கள். தகட்டு வரிசைகளுக்கு அடியில் பாகலும் வெண்டையும் பூசணியும் காய்த்தன.

தண்ணீரின் கதை வேறு. நிலையம் பெரியாற்றின் வெள்ளச் சமவெளியில் இருக்கிறது. அப்பகுதியின் மழைநீரைப் பெரியாற்றில் சேர்த்த செங்கல்தோடு என்ற ஓடை ஓடுபாதைக்காகக் குறுக்கே அடைக்கப்பட்டு, மாற்றுக் கால்வாய் வெட்டப்பட்டது. நெல்வயலின் இயல்பே வெள்ளத்தை வாங்கித் தேக்கி மெல்ல விடுவது. அந்த வயல் மேடாகி, ஓடையும் திசைமாறிய பிறகு, பெருவெள்ளம் தங்குவதற்கு இடம் இருக்கவில்லை. 2013 ஆகஸ்டில் பெரியாற்றின் துணையாற்றிலுள்ள இடமலையாறு அணை திறக்கப்பட்டபோது ஓடுபாதையில் நீர் ஏறி நிலையம் மூடப்பட்டது. அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் வேகம் போதவில்லை. 2018 ஆகஸ்ட் 15 அதிகாலையில் பெரியாறு உள்ளே புகுந்தது. சுற்றுச்சுவர் 2.6 கிலோமீட்டர் நீளத்துக்குச் சரிந்தது. ஓடுபாதையும் முனையத்தின் பகுதிகளும் சூரியத் தகடுகளில் ஒரு பங்கும் மூழ்கின. இழப்பு 200 கோடி ரூபாயைத் தாண்டும் என்று மதிப்பிடப்பட்டது. இடைக்காலத்தில் சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள் மீண்டும் வில்லிங்டன் தீவின் கடற்படைத் தளத்தில் இறங்கின. ஆகஸ்ட் 29 அன்று நிலையம் திறந்தது. அடுத்த மாதமே சூரிய ஆற்றல் பணிக்காக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்’ விருது நிலையத்துக்குக் கிடைத்தது. 2019 ஆகஸ்டில் மறுபடியும் வெள்ளத்தால் இரண்டு நாட்களுக்கு மேல் மூட நேர்ந்தது.

இதற்குப் பிறகே ‘ஆபரேஷன் பிரவாஹ்’ என்ற பெயரில் வெள்ளத் தடுப்புப் பணி முழுமையாகத் திட்டமிடப்பட்டது. கால்வாய்களை அகலப்படுத்தித் தூர்வாரினார்கள். நீரோட்டத்தை மறித்த குறுகலான பாலங்களை மாற்றினார்கள். மதகும் நீரிறைப்பும் சேர்ந்தன. வேலியோடு நிற்காமல் சுற்றியுள்ள ஊர்களின் ஓடைகளையும் இப்பணி உள்ளடக்கியது. ஊரில் தேங்கும் நீர் கடைசியில் ஓடுபாதைக்கே வரும் என்பதால் இந்த அணுகுமுறை சரியானது.

ஓடுபாதை இன்னும் ஒன்றே. 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை அதற்குப் புதுத்தளம் போட்டபோது, நாள்தோறும் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை மூட வேண்டியிருந்தது. மாலை ஆறுக்குள் அன்றைய தார்க்கலவை இறுகி, விளக்குகள் எரிந்து, விமானம் இறங்கத் தயாராக இருக்க வேண்டும். அதற்கேற்ப விமான நிறுவனங்கள் புறப்பாடுகளை இரவுக்கும் அதிகாலைக்கும் நகர்த்தின. பணி முடியும் வேளையில் கொரோனா ஊரடங்கு வந்து வானமே வெறிச்சோடியது.

2023இல் பயணிகள் மீண்டும் ஒரு கோடியைக் கடந்தார்கள். அந்த ஆண்டு நிறுவனம் பழைய பங்குதாரர்களிடமே உரிமைப் பங்குகள் வழங்கி 478 கோடி ரூபாய் திரட்டியது; அக்டோபர் 2 அன்று இறக்குமதிச் சரக்கு முனையமும் மூன்றாம் முனைய விரிவாக்கமும் உள்ளிட்ட ஏழு திட்டங்கள் தொடங்கின. விரிவாக்கத்தில் விமான நிறுத்துதளமும் ஏரோபிரிட்ஜ்களும் அதிகமாகும். நிலையத்துக்கு வந்துசேரும் வழி மட்டும் இன்னும் பெரும்பாலும் சாலையையே நம்பியுள்ளது. கொச்சி மெட்ரோ 2017இல் ஆலுவாவிலிருந்து ஓடத் தொடங்கியது. அதை நெடும்பாசேரி வழியாக அங்கமாலிக்கு நீட்டுவது திட்ட அளவில் இருக்கிறது.