குழந்தையின் இயல்பும் கணமும்: ஓர் ஆய்வுமுறை வரலாறு

குழந்தையின் மனவியல்பு நிலையானதா, கணந்தோறும் மாறுவதா என்னும் வினாவுக்குக் கிடைத்த விடைகள், பதிவு செய்த முறையைச் சார்ந்தே அமைந்துள்ளன. டார்வின், 1839இல் பிறந்த தம் மகனின் சினம், அச்சம் முதலியவற்றை நாட்குறிப்பாக எழுதி 1877இல் வெளியிட்டார்.

1931இல் வெளிவந்த புளோரன்ஸ் குடெனஃபின் ஆய்வே இவ்வரிசையில் முதன்மையானது எனலாம். 45 குழந்தைகளின் சினவெடிப்புகளைத் தாய்மார் அன்றன்றே குறித்தனர். வேளை, காரணம், நீடித்த நேரம் ஆகியவையும் பதிவாயின. உணவு வேளைக்குச் சற்று முன்னர்ச் சினம் மிகுந்தமை இதனால் புலப்பட்டது. சினம் குணத்தின் வெளிப்பாடு மட்டுமன்று, பொழுதின் விளைவும் ஆகும்.

1956இல் நியூயார்க்கில் தாமஸ், செஸ் இருவரும் தொடங்கிய ஆய்வு பெற்றோர் நேர்காணலைப் பெரிதும் சார்ந்தது. எளிய குழந்தை 40, மெல்லப் பழகும் குழந்தை 15, கடினமான குழந்தை 10 விழுக்காடு என அது வகுத்தது. எஞ்சிய 35 விழுக்காட்டினர் எவ்வகையிலும் அடங்கவில்லை. (பாடநூல்கள் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுவதுண்டு.) நினைவிலிருந்து சொல்லப்படுவது சராசரியே, 'கடினமான' என்னும் அடைமொழி குழந்தையின்மேல் ஒட்டிக்கொள்ள அதுவே போதுமானதாயிற்று.

1978இல் டிரானிக் குழுவினர் ஒளிப்பதிவைக் கையாண்டனர். தாய் முகத்தைச் சலனமின்றி வைத்துக்கொண்டதும் சிசு சில நொடிகளில் மாறியது; அவர் மீண்டும் முகமலர்ந்த பின்னரும் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை.