எழுபது மதிப்பெண் நாணயம்

பள்ளிப் பரீட்சைக்கு நூறு மதிப்பெண். நாணயத்துக்கு எழுபதுதான். இந்த விசித்திரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பழைய செப்பு சென்ட் காசுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முழுக்கத் தேய்ந்து, இன்ன காசு என்று மட்டும் தெரிந்தால் 1. அச்சிலிருந்து விழுந்தபடியே இருந்தால் 70. ஏன் எழுபது? அன்றைய சந்தையில் முதல் தரக் காசு கடைசித் தரத்தைப் போல எழுபது மடங்கு விலை போகும் என்பது அவர் கணக்கு. விலைகள் மாறிவிட்டன, எண் மட்டும் நின்றுவிட்டது. (அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல சென்ட்களை எடுத்துக்கொண்டு, தம்முடைய மட்டமான காசுகளை அங்கே வைத்தவர் இவர் என்பது பின்னாளில் தெரியவந்தது. தரம் பிரிப்பதில் கெட்டிக்காரர்தான்!)

விற்கிற வியாபாரியே தரமும் சொன்னால் யார் நம்புவார்கள்? அதற்காக மூன்றாம் ஆள் வந்தார். 1986-ல் பிசிஜிஎஸ், 1987-ல் என்ஜிசி. காசுக்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடிக் கொடுத்தார்கள். சில காசுகளில் 63-க்கும் 65-க்கும் விலை பல மடங்கு வேறுபடும். ஆனால் இந்தத் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை. எனவே தாராளமாக மதிப்பெண் போடும் கம்பெனிகளும் முளைத்தன. சிலர் தாங்களே உறை செய்து, தாங்களே மார்க் போட்டு விற்றார்கள்.

பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. தரம் பிரிப்பதில் முழு நடுநிலை என்று விளம்பரம் செய்ததற்காக 1990-ல் பிசிஜிஎஸ் மீது அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்தது. 2003-ல் 'காயின் வேர்ல்ட்' பத்திரிகை ஒரே காசுகளைப் பல கம்பெனிகளுக்கு மாற்றி மாற்றி அனுப்பிப் பார்த்தது. ஒரு காசுக்குக்கூட எல்லாரும் ஒரே தரம் சொல்லவில்லை.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், இரண்டு மாதப் பென்ஷனைக் கொடுத்து ஒரு மோர்கன் டாலர் வாங்கினார். கேள்விப்படாத கம்பெனியின் உறை, 67 மதிப்பெண். காதுக்கு மேலே தலைமுடி தேய்ந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. புழங்கித் தேய்ந்த காசு 60-ஐத் தொடவே கூடாது. மகள் கல்யாணச் செலவுக்கு விற்கப் போனார். கடைக்காரர் உறையை உடைத்துத் தராசில் வைத்தார். 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி. அந்த விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தருவதாகச் சொன்னாராம். உறைக்கு ஒன்றும் கிடையாது.