உருளைக்குள் அடைபட்ட வெப்பம்: 2013 மேக் புரோ

2013 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் புதிய மேக் புரோ கணினியை மேடையேற்றியபோது, எல்லார் கண்ணிலும் முதலில் பட்டது அதன் உருவம். 2006 முதல் விற்றுவந்த பெரிய அலுமினியப் பெட்டிக்குப் பதிலாக, சுமார் 25 செ.மீ. உயரமும் 17 செ.மீ. விட்டமும் கொண்ட பளபளக்கும் கறுப்பு உருளை. ஆப்பிளால் இனிப் புதுமை செய்ய இயலாது என்ற பேச்சுக்கு விடையாகவே மூத்த துணைத்தலைவர் பில் ஷில்லர் அதை முன்வைத்தார். பயனர்கள் வைத்த பெயரோ ‘குப்பைத்தொட்டி’.

வெறும் விளம்பரத் தோற்றம் என்று அதை ஒதுக்குவது நியாயமன்று. உள்ளே முக்கோண வடிவில் ஒரே அலுமினிய வெப்பத்தண்டு. அதன் ஒரு முகத்தில் மையச் செயலி, மற்ற இரண்டில் வரைகலைச் செயலிகள். அடியிலிருந்து காற்றை இழுத்து மேலே தள்ள ஒரே மின்விசிறி. மூன்றில் ஒன்று ஓய்ந்திருந்தால், அது பயன்படுத்தாத குளிர்விப்புத் திறன் மற்றவற்றுக்குக் கிடைக்கும். இரைச்சலும் மிகக் குறைவு.

பிழை அடிப்படை ஊகத்தில் இருந்தது. வெப்பம் மூன்று முகங்களிலும் ஓரளவு சமமாகப் பிரியும் என்று கொண்டே தண்டு அமைக்கப்பட்டது. ஆனால் பல மென்பொருள்கள் இரு வரைகலைச் செயலிகளையும் சேர்த்துப் பயன்படுத்தவில்லை. சந்தை ஒரே பெரிய செயலியை நோக்கி நகர்ந்தது. 2015இல் வந்த என்விடியாவின் டைட்டன் எக்ஸ் அட்டைக்கு மட்டும் 250 வாட் தேவை. மேக் புரோ முழுவதற்குமான மின்வழங்கியே 450 வாட்தான். சாதாரணப் பெட்டியாக இருந்தால் பெரிய விசிறியும் அகன்ற உலோகத் தகடுகளும் சேர்த்துச் சமாளித்திருக்கலாம். உருளையில் அதற்கு இடமில்லை. அட்டைகளும் பொது அளவில் இல்லாததால், கடையில் வாங்கி மாற்றிக்கொள்ளும் வழியும் அடைபட்டது. ஆண்டுகள் ஓடின, புதிய செயலிகளுடன் அடுத்த பதிப்பு வரவில்லை.

2017 ஏப்ரலில் ஷில்லரும் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியும் சில செய்தியாளர்களை அழைத்துப் பேசினர். வெப்பத்தைப் பொறுத்தவரை தங்கள் வடிவமைப்பே தங்களை நெருக்கடியில் தள்ளிவிட்டதாக ஃபெடரிகி ஒப்புக்கொண்டார். விற்பனையில் இருக்கும் பொருளைப் பற்றி ஒரு நிறுவனம் இப்படிப் பேசுவது அபூர்வம்.

2019 டிசம்பரில் வந்த அடுத்த மேக் புரோ மீண்டும் பெட்டிதான்: முன்புறம் மூன்று பெரிய விசிறிகள், 1,400 வாட் மின்வழங்கி, பொது அளவு அட்டைகளுக்கான இடம். துளைகள் நிறைந்த அதன் முகப்பும் கேலிக்குத் தப்பவில்லை. ‘சீஸ் துருவி’ என்றனர். 2006ஆம் ஆண்டுப் பெட்டிக்கும் இதே பெயர்தான் இருந்தது.